போர்வைக்குள் ஓர் அம்மா

மும்பையில் தேவ்நார் கசாப்புக் கூடத்தை பஸ் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்பவர்களில் நானும் ஒருவன். எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கிற ஜெலட்டின்தான் புகைப்படக் கலையையே புரட்டிப்போட்டது என்று தெரிந்த பிறகும் பொத்திக்கொள்ளத்தான் செய்கிறேன். கூடம் இங்கே வந்தது 1971-ல். அதற்கு முன் பாந்த்ராவில் இருந்தது. நம் கதை இன்னும் பழையது.

1851-ல் ஆர்ச்சர் கொண்டுவந்த ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டை மருந்தில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்துக் கழுவியும் ஆகவேண்டும். 1854-லேயே பம்பாயில் புகைப்படச் சங்கம் வந்துவிட்டது. இந்த ஊர் வெக்கையில் ஈரம் எத்தனை நேரம் நிற்கும்? போதாததற்கு, உட்காருபவர் பல விநாடி அசையக் கூடாது. பெரியவர்களுக்குப் பின்னந்தலையில் முட்டுக்கொடுக்க இரும்புக் கவை இருந்தது. கைக்குழந்தைக்கு?

அம்மாதான் கவை. இங்கிலாந்து, அமெரிக்க ஸ்டூடியோக்களில் அம்மாவை உட்காரவைத்து, தலையோடு துணியைப் போர்த்தி, மடியில் பிள்ளையை வைத்தார்கள். ஓரத்தைச் சட்டத்தில் மறைத்துவிட்டால் ஆள் இருப்பதே தெரியாது என்று கணக்கு. உற்றுப் பாருங்கள்: திரைச்சீலைக்கு முழங்கால் இருக்கும், பிள்ளையின் இடுப்பருகே நாலு விரல் தெரியும்.

மகாராணிக்கு வேறு கஷ்டம். 1852 ஜனவரியில் கில்பர்ன் எடுத்த படத்தில் பிள்ளைகள் நன்றாக விழுந்திருக்க, விக்டோரியாவின் கண் மூடிக்கொண்டது. தன் முகத்தை மட்டும் தானே சுரண்டி எடுத்துவிட்டார்.

இந்தியாவில் துரைமார் வீட்டுக் குழந்தைகள் ஆயாவின் மடியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டன. ஆயாவுக்குப் போர்வை கிடையாது. முகம், வளையல், சேலை மடிப்பு எல்லாம் துல்லியம். ஆனால் ஆல்பத்தில் குழந்தைக்குப் பெயர் இருக்கும். இவள் பெரும்பாலும் வெறும் 'ஆயா'. இதற்குப் போர்வையே தேவலை என்று எனக்குத் தோன்றும்.

1871-ல் மாடாக்ஸ் ஜெலட்டின் தகட்டுக்கு வழி சொன்னார். 1878-ல் பென்னெட் அதன் வேகத்தைக் கூட்டினார். விநாடிகள் சுருங்கின. பிள்ளை சிணுங்குவதற்குள் படம் முடிந்தது. அம்மாவை மூடிவைக்கும் அவசியம் போயிற்று.

1892-ல் ஹைதராபாத்தில் ராஜா தீன்தயாள் கோஷாப் பெண்களுக்கென்றே உயரமான மதிலுக்குள் ஒரு ஸ்டூடியோ வைத்தார். பொறுப்பேற்றவர் கென்னி-லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. ஊருக்குக் காட்டாத முகத்தை அங்கே காமிராவுக்குக் காட்டினார்கள். தீன்தயாள் பம்பாய்க்கு வந்து கடை போட்டது 1896-ல். அவரோடு ரயிலேறுவதற்கு முன், அடுத்த வாரம் அந்த மதிலுக்குள் ஒரு நடை போய்விட்டு வருவோம்.

(தொடரும்)