2001-ல் வந்த பேஜ்மேக்கர் இன்னும் ஓடுவது எப்படி? பழைய தமிழ் ஃபைல்களைக் காப்பாற்ற என்ன வழி?

திருவெண்ணெய்நல்லூரில் ஒரு வீட்டில் காதுகுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை அடிக்க டிடிபி சென்டருக்குப் போகிறார்கள். "போன வருஷம் அண்ணன் பொண்ணுக்கு அடிச்ச அதே மாடல்லயே போடுங்க" என்கிறார்கள். கடைக்காரர் பழைய ஃபைலைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, தாய்மாமன் வரிசையில் விட்டுப்போன ஒருவரைச் சேர்க்கிறார். கொஞ்ச நேரத்தில் புரூஃப் கைக்கு வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் இந்த வேலையைப் பல காலமாகச் செய்து வருவது பேஜ்மேக்கர். அதன் கடைசி வெளியீடான 7-ம் பதிப்பு வந்தது 2001-ல். மேற்கொண்டு வளர்க்கப் போவதில்லை என்று அடோபி நிறுவனம் கைவிட்டது 2004-ல். இருந்தாலும் விண்டோஸ் 10 வரை அதை எப்படியோ இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இப்போது ஏன் பேச்சு? விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. ஆக, கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டிய நேரம். மாற்றினால் இருபது வருட ஃபைல்கள் திறக்குமா என்பதுதான் கேள்வி.

அப்படி என்ன இருக்கிறது பேஜ்மேக்கரில்?

1985-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் பிரெய்னெர்ட் தொடங்கிய ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்தது இது. மேசை மேலேயே பக்கம் வடிவமைத்து அச்சிடலாம் என்ற 'டிடிபி' யுகமே இதோடுதான் சூடு பிடித்தது. 1994-ல் ஆல்டஸை அடோபி வாங்கியது. பிறகு 1999-ல் இன்டிசைன் என்ற புது மென்பொருளைக் கொண்டுவந்து, பேஜ்மேக்கரை ஓரங்கட்டியது.

ஆனால் நம்ம ஊர் ஆபரேட்டர்கள் நகரவில்லை. பழகிய கை என்பது ஒரு காரணம். மாதச் சந்தா கிடையாது, இன்டர்நெட்டில் போய் ஆக்டிவேட் செய்யவும் வேண்டாம், சீரியல் எண்ணைப் போட்டால் போதும் என்பது இன்னொன்று. எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் தமிழ். இன்டிசைனில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் யூனிகோடு எழுத்துகள் முறையாக அமைந்தது 2012-ல் வந்த சிஎஸ்6 பதிப்பில்தான். அதுவரை புது மென்பொருளுக்குப் போனவர்களும் பழைய எழுத்துருக்களையே கட்டி அழ வேண்டியிருந்தது. அப்படியிருக்க, எதற்கு மாற வேண்டும்?

சிக்கல் எழுத்துருவில்

பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அது பார்ப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகளைத்தான். பாமினி போன்ற எழுத்துருக்கள் அந்த ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திவிடுகின்றன. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் ஃபைலில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் மறைந்து, அந்த ஐந்து குறிகள் மட்டும் நிற்கும்.

பாமினிக்கு ஒரு விசை வரிசை, வானவில்லுக்கு வேறொன்று, ஸ்ரீலிபிக்கு இன்னொன்று. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்குள் ஏராளமான பக்கங்கள் பழைய முறையில் அடித்து முடிந்துவிட்டன. பத்திரிகை, நோட்டீஸ் போனால் போகட்டும். ஊர்க் கோயில் தலவரலாறு, உள்ளூர் எழுத்தாளர் சொந்தக் காசில் போட்ட புத்தகம், பள்ளி ஆண்டு மலர், சிற்றிதழ்கள் என்று பலவற்றுக்கு மூலப் பிரதி அந்த ஃபைல் மட்டுமே.

மூலப் பிரதியின் அருமை திருவெண்ணெய்நல்லூருக்குத் தெரியாததா? சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையில், மணப்பந்தலில் கிழித்துப் போட்டது வெறும் படி ஓலை. வழக்கு இந்த ஊர்ச் சபைக்கு வந்தபோது கிழவர் எடுத்து நீட்டிய மூல ஓலைதான் தீர்ப்பைச் சொன்னது. அதைப் படிக்கவும், பாட்டனாரின் கையெழுத்தோடு ஒத்துப் பார்க்கவும் சபையில் ஆள் இருந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

புது கம்ப்யூட்டரில் ஓட வைக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். பேஜ்மேக்கர் 7 ஒரு 32 பிட் மென்பொருள். 64 பிட் மட்டுமே உள்ள விண்டோஸ் 11-லும் 32 பிட் மென்பொருள்களுக்கு இடம் உண்டு. அதற்கும் முந்தைய 16 பிட் மென்பொருள்கள்தான் அங்கே அறவே ஓடாது. திறக்கும்போது பிழை காட்டினால், ஐகானில் ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துப் பார்க்கலாம். பழைய மென்பொருள்கள் தங்கள் அமைப்புகளைத் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும் பழக்கம் உள்ளவை. புது விண்டோஸ் அதைத் தடுக்கும். பாதிப் பிரச்னை இதுதான்.

அதுவும் சரிவரவில்லை என்றால் 'வர்ச்சுவல் மெஷின்'. அதாவது புது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை மென்பொருளாக உருவாக்குவது. இலவசமாகக் கிடைக்கும் வர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவி, அதற்குள் பேஜ்மேக்கரையும் எழுத்துருக்களையும் போட்டுவிடலாம். எக்ஸ்பிக்கும் உங்களிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால், அந்த மெஷினை இன்டர்நெட்டில் இணைக்கவே கூடாது. ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் மொத்தமும் சில ஃபைல்கள்தான், ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த கம்ப்யூட்டருக்கும் அப்படியே போகும்.

விற்பனை நின்றுபோனதால் யார் வேண்டுமானாலும் சிடி காப்பி போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான், உரிமை தொடர்கிறது. முறையாக வாங்கியவர் பாதுகாப்புக்காக பேக்கப் எடுத்து வைத்துக்கொள்ள அதே சட்டம் இடம் தருகிறது.

ஃபைலை மட்டும் காப்பாற்றினால் போதும் என்றால்?

இன்டிசைன் சிஎஸ்6 வரை பேஜ்மேக்கர் 6, 6.5, 7 ஃபைல்களைத் திறக்கும். அதற்குப் பின் வந்த சந்தா பதிப்புகள் திறக்காது. இலவச மென்பொருளான லிப்ரேஆபிஸ் டிரா 2015 முதல் திறக்கிறது, பக்க அமைப்பு கொஞ்சம் கலையலாம். முதல் வேலையாக ஒவ்வொரு ஃபைலையும் பிடிஎஃப் ஆக்கி வைப்பது நல்லது. ஃபைலை வேறு இடத்துக்கு மாற்றும்போது, 'சேவ் ஆஸ்' பெட்டியில் இணைந்த ஃபைல்கள் அனைத்தையும் சேர்த்து எடுக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் படங்கள் பழைய கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். எழுத்துருக்கள் இதில் வராது, தனியாக எடுக்க வேண்டும்.

எழுத்தை யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. எந்த எழுத்துருவில் அடித்தது என்பதைச் சரியாகச் சொன்னால்தான் வேலை நடக்கும். நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து உளறிவைக்கும்.

கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்றும் உண்டு. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் 'ள' எழுத்துக்கும் ஒரே விசைதான். அதனால் மாற்றும்போது 'கௌசல்யா' என்ற பெயர் 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாக உடைந்து 'கெளசல்யா' ஆகிவிடலாம். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். பிறகு தேடினால் கிடைக்காது. சௌந்தர்யா, கௌதமன், மௌலானா எல்லோருக்கும் இதே கதிதான். மாற்றி முடித்ததும் இந்தப் பெயர்களை மட்டுமாவது ஒருமுறை கையால் சரிபார்த்துவிடுங்கள்.