தலைக்கயிறு பிடித்தவர்கள்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூரைப் பிரயாணிகள் பெரும்பாலும் பேருந்தின் ஜன்னல் வழியாகவே அறிவார்கள். ஒருபுறம் அருணாசலமும் மறுபுறம் செஞ்சிக் கோட்டையுமாக இரண்டு மகா பிரசித்தமான பெயர்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட ஊருக்கு வேறென்ன கதி? ஆயினும் நான் குதிரையைப் பற்றிக் கற்றுக்கொண்ட ஒரே பாடத்தை அந்த ஊர்ச் சாலையோரத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

கார்த்திகைத் தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தைக்குக் குதிரைகளும் விற்பனைக்கு வருவதுண்டு. சில வருஷங்களுக்கு முன், தீபத்துக்கு மூன்று நாள் இருக்கையில், கீழ்பென்னாத்தூர்க் கடைத்தெருவில் பேருந்துக்காக நின்றிருந்தேன். ஒரு கிழவர் செவலை நிறக் குட்டியொன்றைத் தலைக்கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். குட்டிக்கு இரண்டு வயது இருக்கலாம். அவருக்குப் பின்னால், கிழட்டு மட்டக்குதிரை ஒன்றைப் பிடித்தவாறு, பேரன் போலத் தோன்றிய சிறுவன் வந்தான். டீக்கடையின் நீலத் தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்ததுதான் தாமதம், குட்டி நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. காதுகள் விறைத்தன, நாசித்துவாரங்கள் விரிந்தன, விழியின் வெள்ளை தெரிந்தது. சிறுவன் ஓடிவந்து கயிற்றில் கை வைத்தான்.

“இழுக்காதடா, விடு.”

“லாரி வருது தாத்தா!”

“வரட்டும். நீ இழுத்தியானா, இது நெசமாவே பயப்பட வேண்டிய சங்கதிதான்னு அது முடிவு பண்ணிடும்.”

கிழவர் குட்டியின் எதிரே போய் நிற்கவில்லை. அதன் இடது தோளருகே, அது பார்க்கும் திசையையே தாமும் பார்த்தவராய் நின்றார். குதிரைக்குக் கண்கள் தலையின் இருபக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறக்குறையச் சுற்றுமுற்றும் யாவற்றையும் அது காணும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் சிறிதளவு இடம் அதற்குக் குருடு. அந்த இடத்திலிருந்து திடீரென்று முளைக்கும் மனிதன் எத்தனை நல்லவனாயினும் அதற்குப் புலிதான். கயிற்றை அவர் கையில் சுற்றிக்கொள்ளாமல் மடித்துப் பிடித்திருந்தார். சுற்றிக்கொண்டவனை மிரண்ட குதிரை இழுத்துக்கொண்டு ஓடினால் விரல் போகும், சில சமயம் ஆளே போவான். மற்றொரு கையால், பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டை மெதுவாகச் சொறிந்தபடி இருந்தார். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் குதிரையின் இருதயத் துடிப்புத் தணிகிறது என்று 1993-இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்து எழுதினார்கள். கிழவர் அதை வாசித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

தமிழ்நாட்டில் குதிரையின் சரித்திரம் பெரும்பாலும் வாங்கியவர்களின் சரித்திரமாகவும் ஏறியவர்களின் சரித்திரமாகவுமே எழுதப்பட்டிருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல் வழியே புரவிகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்லுகிறது; சோழர் காலத்துச் சாசனங்களில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் தோன்றுகிறார்கள்; பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மந்திரியின் கதையோ திருவாதவூரர் சரித்திரமாகவே ஆகிவிட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய ராஜாக்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை ஹோர்மூஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து பெருவிலை கொடுத்து வாங்குவதையும், வருஷ முடிவில் அவற்றில் நூறுகூட உயிரோடு எஞ்சுவதில்லை என்பதையும் எழுதி, அதற்குக் காரணம் இங்கே குதிரை வைத்தியமும் பராமரிப்பும் அறிந்தவர் இல்லாமையே என்றும், வியாபாரம் குறைந்துவிடுமென்று வர்த்தகர்கள் அப்படிப்பட்டவர்களை வரவிடுவதில்லை என்றும் குறிக்கிறார். விஜயநகரத்தைப் பற்றி எழுதிய போர்த்துக்கீசியர் நூனிஸ் சொல்லும் செய்தி இதனினும் விசித்திரமானது: சாளுவ நரசிம்மன் உயிருள்ள குதிரைக்கு மட்டுமன்றி, கப்பலில் மாண்டுபோன குதிரைக்கும் அதன் வாலைக் கொண்டுவந்து காட்டினால் பணம் கொடுத்தானாம். வாலுக்கு விலை கொடுத்த அரசர்களின் பெயர்களெல்லாம் நமக்குத் தெரியும். கப்பலிலிருந்து இறங்கிய குதிரையை, காலுக்குக் கீழே தரை ஆடாமல் நிற்பதைக் கண்டே மிரளும் அந்தப் பிராணியை, துறைமுகத்திலிருந்து தலைநகரம் வரை நடத்திக்கொண்டு போனவன் ஒருவனுடைய பெயராவது நமக்குத் தெரியுமா?

ஒரு சொல் மாத்திரம் தப்பிப் பிழைத்தது. ராவுத்தன் என்றால் குதிரை வீரன். குதிரையோடு வந்த முஸ்லிம்களுக்கு அது குலப்பெயராகவே நிலைத்தது. இரண்டாம் தேவராயன் தன் சேனையில் முஸ்லிம் குதிரைப்படையினரைத் திரளாகச் சேர்த்துக்கொண்டது பதினைந்தாம் நூற்றாண்டில். அந்நூற்றாண்டினர் என்று கருதப்படும் திருவண்ணாமலை அருணகிரிநாதர், மயிலேறும் முருகனையே ராவுத்தன் என்று அழைக்கிறார். மயிலைக் குதிரையாகப் பாவித்து, சந்தைப் பேட்டையிலும் பாளையத்திலும் புழங்கிய சொல்லால் கடவுளை அழைக்க அந்தப் புலவருக்கு எவ்விதக் கூச்சமும் இருக்கவில்லை.

செஞ்சிப் பக்கத்தில் குதிரை என்றால் தேசிங்கு ராஜன்தான். ஔரங்கசீப் 1700-இல் செஞ்சிக் கோட்டையை ஒப்புவித்த புந்தேல ராஜபுத்திரன் சொரூப்சிங்கின் மகன் தேசிங்கு, தந்தை இறந்தபின் சில மாதங்களே அதிகாரம் செலுத்தி, கப்பம் கேட்டு வந்த ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு பொருது 1714-ஆம் வருஷம் அக்டோபரில் மாண்டான். சரித்திரம் அவ்வளவே. கர்ணபரம்பரைக் கதையோ டில்லியில் தொடங்குகிறது: யாரையும் ஏறவிடாத பாராசாரி என்னும் பாதுஷாவின் குதிரையை அடக்க முடியாமல் தந்தை சிறைப்பட, பிள்ளை போய் அதன்மேல் ஏறி, தந்தையை மீட்டு, குதிரையையும் பரிசாகக் கொண்டு திரும்புகிறான். செஞ்சிக்கு அருகே கடலி கிராமத்தில், தேசிங்கின் தோழனுடைய சமாதியோடு குதிரைக்கும் ஒரு சமாதி காட்டப்படுகிறது. கதையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதில் வரும் குதிரை வீரத்துக்கும் தெய்வ அனுக்கிரகத்துக்கும் அடங்குகிறதே ஒழிய, அது எதைக் கண்டு மிரண்டது என்று யாரும் கேட்பதில்லை.

கிரேக்கர் சொன்ன கதையில் அந்தக் கேள்வி இருக்கிறது. புஸிபாலஸ் என்னும் குதிரை தன் நிழல் ஆடுவதைக் கண்டே மிரளுகிறது என்று கவனித்த பாலன் அலெக்சாந்தர், அதன் முகத்தைச் சூரியனை நோக்கித் திருப்பிவிட்டு, சற்று நேரம் கூடவே நடந்து தடவிக்கொடுத்து, அதன்பிறகே மேலே ஏறினான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். அதற்கும் முற்பட்ட ஜெனபன் என்பவர் குதிரையேற்றத்தைப் பற்றி எழுதிய நூலில், குதிரைக்காரன் குட்டியை ஜனக்கூட்டத்தின் நடுவே நடத்திச் சென்று எல்லாவிதக் காட்சிகளையும் ஓசைகளையும் பழக்கவேண்டும், அது எதற்கேனும் அஞ்சினால் அடிக்காமல் சாந்தப்படுத்தி, அஞ்சத் தேவையில்லை என்று அதற்கே தெரியச் செய்யவேண்டும் என்கிறார். இற்றைக்கு இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட புத்தி அது. நம் நாட்டிலும் சாலிஹோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் அசுவ சாஸ்திரங்கள் உண்டு. தஞ்சை சரசுவதி மகாலார் ஒன்றைச் சித்திரங்களோடு அச்சிட்டார்கள். ஆனால் இங்கே குதிரை வாங்குகிறவன் முதலில் பார்ப்பது சுழி. நெற்றியிலும் கழுத்திலும் மயிர் சுழித்திருக்கும் விதத்தைக் கொண்டு எஜமானனுக்கு வரப்போகும் பாக்கியத்தைக் கணிப்பார்கள்; காதைக் கொண்டு குதிரையின் அப்போதைய மனத்தைக் கணிப்பது குதிரைக்காரனோடு நின்றுவிட்டது.

கடைத்தெருவில் லாரி கடந்து போயிற்று. குட்டி நடுங்கிற்றே தவிர ஓடவில்லை. சற்றுப் பொறுத்து ஒரு காது கிழவர் பக்கம் திரும்பிற்று. பிறகு கழுத்து இறங்கியது. உதட்டை நக்கிக்கொண்டு பெருமூச்சொன்று விட்டது. ஓரடி எடுத்து வைத்த அந்தக் கணமே கையிலிருந்த கயிறு இன்னும் தளர்ந்ததைக் கண்டேன். கிழவர் சிறுவனுக்குச் சைகை காட்டினார். அவன் மட்டக்குதிரையை முன்னால் விட்டு, தார்ப்பாயை உரசினாற்போல நடத்திப் போனான். அந்தக் கிழட்டு ஜீவன், ஜட்கா இழுத்த காலத்தில் இதைப்போல் ஆயிரம் கண்டதுபோல, தலையைக்கூடத் திருப்பவில்லை. அதன் வாலைப் பார்த்துக்கொண்டே குட்டியும் நடந்தது. பத்தடி போனதும் கிழவர் அதைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் அதே வழியாக வந்தார். மூன்றாம் தடவை மட்டக்குதிரையை ஒதுக்கிவிட்டுத் தனியாகவே கொண்டுவந்தார். இப்போது குட்டி தானாகவே நின்று, கழுத்தை நீட்டி, தார்ப்பாயின் ஓரத்தை மோந்து பார்த்து, பற்றி இழுக்கத் தொடங்கிற்று.

“பெரியவரே, உங்க குதிரை என் தார்ப்பாயைத் திங்குது!” என்று கடைக்குள்ளிருந்து குரல் வந்தது.