சிஎஸ்எஸ் கிளாஸ்

வலைப்பக்கத்தின் உறுப்புகளுக்கு வடிவமைப்பாளர் சூட்டும் பெயர் கிளாஸ். ஒரே பெயரைப் பல உறுப்புகளுக்கு இடலாம். ஓர் உறுப்பே பல பெயர்களைத் தாங்கலாம். தோற்ற விதிகளை எழுதும் ஸ்டைல்ஷீட்டில் புள்ளி வைத்து அப்பெயரை எழுதினால், அதைத் தாங்கிய எல்லாவற்றுக்கும் அந்தத் தோற்றம் வந்துவிடும்.

1994 அக்டோபரில் செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹோகன் வியூம் லீ முன்மொழிந்து, பெர்ட் போஸுடன் சேர்ந்து வளர்த்த ஸ்டைல்ஷீட் மொழி சிஎஸ்எஸ். 1996 டிசம்பரில் வெளியான முதல் பதிப்பிலேயே கிளாஸ் உண்டு. 2003இல் டேவ் ஷே தொடங்கிய ‘சிஎஸ்எஸ் ஜென் கார்டன்’, ஒரே எச்டிஎம்எல் பக்கத்துக்கு வெவ்வேறு ஸ்டைல்ஷீட்களால் முற்றிலும் வேறான முகங்கள் கிடைப்பதைக் காட்டி, பலரை இம்மொழியின் பக்கம் ஈர்த்தது.

தளங்கள் பெருத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. சிஎஸ்எஸ்ஸில் எந்தப் பெயருக்கும் எல்லை கிடையாது. ஒருவர் ‘டைட்டில்’ என்ற கிளாஸுக்கு எழுதிய விதி, இன்னொருவர் வேறு பக்கத்தில் வைத்த ‘டைட்டிலை’யும் மாற்றிவிடும். விதிகள் மோதினால் எது வெல்லும் என்பதற்கும் தரவரிசை உண்டு: எச்டிஎம்எல் டேகை விட கிளாஸ் வலியது; எத்தனை கிளாஸ்கள் சேர்ந்தாலும், ஒரே உறுப்புக்கு மட்டும் இடும் பெயரான ஐடியை வெல்ல முடியாது. ஆகவே பழைய விதியைத் திருத்த அஞ்சி, அதைவிட வலிய விதியொன்றை மேலே எழுதினார்கள். கோப்பு வீங்கியது. எதை நீக்கினால் எது உடையும் என்று எவராலும் சொல்ல இயலவில்லை.

இதற்கு விடையாக எழுந்ததே, பக்கத்தைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து எழுதும் கூறுமுறை வடிவமைப்பு. நிக்கோல் சல்லிவனின் ‘ஓஓசிஎஸ்எஸ்’, கட்டமைப்பையும் மேற்பூச்சையும் தனித்தனிக் கிளாஸ்களாகப் பிரிக்கச் சொன்னது. ஒரு கூறின் தோற்றம் அது பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பதைச் சார்ந்திருக்கக் கூடாது என்பதும் அவர் வகுத்த நெறி. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனத்தில் உருவான ‘பெம்’ முறையில், கூறின் பெயரும் அதன் உட்பகுதியின் பெயரும் ஒன்றாக இணையும்: ‘கார்ட்__டைட்டில்’. பெயரே எல்லையாகிவிடுகிறது, ஏறத்தாழ எல்லா விதிகளும் ஒற்றைக் கிளாஸின் வலிமையிலேயே நிற்பதால் மோதலும் குறைகிறது. புதிய கருவி எதுவுமின்றி, பெயரிடும் ஒழுங்கு ஒன்றாலேயே இதைச் சாதித்ததால், இவ்வரலாற்றின் மிக முக்கியமான படி இதுவே எனலாம்.

2015இல் வந்த ‘சிஎஸ்எஸ் மாட்யூல்ஸ்’ பெயருக்கு எல்லை வகுக்கும் பொறுப்பைக் கருவியிடம் ஒப்படைத்து, கிளாஸ் பெயர்களைத் தானாகவே தனித்துவப்படுத்தியது. 2017இல் ஆடம் வாதன் வெளியிட்ட ‘டெயில்விண்ட்’ எதிர்த்திசையில் சென்றது: ஒரு கிளாஸுக்கு ஒரே சிறு வேலை; அவற்றை எச்டிஎம்எல்லிலேயே அடுக்கித் தோற்றத்தை உருவாக்கலாம். எல்லை வகுக்கும் வசதி மொழிக்குள்ளேயே வந்தது பின்னர்தான். விதிகளை அடுக்குகளாகப் பிரிக்கும் ‘@லேயர்’ 2022இல் முக்கிய பிரவுசர்களில் இடம்பெற்றது; ஒரு விதி பக்கத்தின் எந்தப் பகுதிக்குள் மட்டும் செல்லும் என்று வரையறுக்கும் ‘@ஸ்கோப்’ 2023இல் குரோமில் வந்தது.