சாமானியரின் கைக்கடிகாரம்: பெங்களூர் ஜனதாவும் ஓசூர் குவார்ட்ஸும்

குறைந்த விலையில் தினசரி உபயோகத்துக்குக் கைக்கடிகாரம் வாங்குபவர் முன் பெரும்பாலும் இரண்டு வகைகள் இருக்கின்றன. ஒன்று, சாவி கொடுத்து ஓடும் இயந்திரக் கடிகாரம். மற்றொன்று, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம். தென்னிந்தியச் சாமானியர் கைக்கு முதலாவதைக் கொண்டுவந்து சேர்த்தது பெங்களூர். இரண்டாவதைக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு ஓசூருக்கு உண்டு. இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் ‘நல்ல கடிகாரம்’ என்ற சொல்லின் பொருள் அந்த 40 கிலோமீட்டரில் முழுவதுமாக மாறிவிட்டது.

நேரம் தேவைப்பட்டவர்கள்

எல்லாத் தொழிலுக்கும் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். வீட்டிலேயே தறி ஓட்டுபவருக்கு முடிந்த புடவைதான் கணக்கு. மணி ஒன்பதா ஒன்பதரையா என்பது பெரிய விஷயமில்லை. பல்லாவரத்தில் ரயிலைப் பிடித்து நகரத்துக்கு வேலைக்குப் போகிறவருக்கு அது பெரிய விஷயம். சென்னைக் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. அலுவலகம், ஆலை, பள்ளிக்கூடம் என்று மணி பார்த்து நடக்கும் வாழ்க்கை புறநகரில் பரவப் பரவ, மணிக்கட்டில் கடிகாரம் ஆடம்பரம் என்ற நிலை மாறி அவசியமாயிற்று.

விலை மட்டும் அவசியத்துக்கு ஏற்ப இறங்கவில்லை. ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட், ரோமர் போன்ற சுவிஸ் கடிகாரங்கள் வசதியுள்ளவர்களுக்கே எட்டின. விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்க வரியும் கூடியபோது கடத்தல் கடிகாரங்களுக்குச் சந்தை உருவானது. ரசீதும் கிடையாது, உத்தரவாதமும் கிடையாது.

ஜனதா

1953ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், அதாவது எச்.எம்.டி., இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களுக்காக ஏற்பட்ட பொதுத்துறை நிறுவனம். 1961ஆம் ஆண்டு ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் அது கடிகாரத்தில் இறங்கியது. பின்னர் ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் ஆகிய இடங்களிலும் தொழிற்சாலைகள் வந்தன. பைலட், சோனா, காஞ்சன், கோஹினூர் என்று பல மாதிரிகள் இருந்தாலும் மக்களின் நினைவில் நின்றது ஜனதா.

ஜனதாவின் சிறப்பு அதன் எளிமை. வெள்ளை முகப்பு, தெளிவான எண்கள், 17 கற்கள். ‘17 ஜுவல்ஸ்’ என்று முகப்பில் போட்டிருப்பதைப் பார்த்து, உள்ளே விலையுயர்ந்த கல் இருக்கிறது என்று பலர் நம்பியதுண்டு. அவை செயற்கை மாணிக்கங்கள். சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்காகத் தாங்கியாக வைக்கப்பட்டவை. கழற்றி விற்றால் ஒன்றும் கிடைக்காது. தினமும் காலையில் சாவி கொடுத்தால் உள்ளிருக்கும் சுருள்வில் இறுகி, அது தளரும் விசையில் ஒரு நாளுக்கு மேல் ஓடும். ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்பின் ஆவது சகஜம். வானொலிச் செய்திக்கு முன் வரும் ஒலியைக் கேட்டு முள்ளைத் திருத்திக்கொள்வார்கள். கெட்டுப்போனால் தெருமுனை ரிப்பேர் கடையில் ஒற்றைக் கண்ணில் லென்ஸ் மாட்டியவர் அக்கக்காகப் பிரித்து, சுத்தம் செய்து, எண்ணெய் விட்டுத் தருவார். முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடிய ஜனதாக்கள் உண்டு. தகப்பனார் கட்டியதை மகன் கட்டுவது அந்தக் காலத்தில் சாதாரணம்.

பார்வையற்றோருக்கான பிரெயில் கடிகாரத்தையும் எச்.எம்.டி. செய்தது. இதை ஏனோ அதிகம் யாரும் குறிப்பிடுவதில்லை.

குவார்ட்ஸ் வந்தது

1969ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்கோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. அதன் விலை அன்றைய ஜப்பானில் ஒரு சிறிய காருக்குச் சமம். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதே தொழில்நுட்பம் உலகின் மலிவான கடிகாரமாக மாறியது வியப்புதான்.

இதன் செயல்பாட்டை மாணவர்கள் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். மின்சாரம் பாய்ந்தால் குவார்ட்ஸ் படிகம் சீராக அதிரும். இன்றைய கடிகாரங்களில் அது நொடிக்கு 32,768 முறை அதிரும்படி வெட்டப்படுகிறது. அந்த எண்ணை 15 முறை இரண்டால் வகுத்தால் 1 வரும். ஒரு சிறு மின்சுற்று இந்த வகுத்தலைச் செய்து, நொடிக்கு ஒரு துடிப்பை மோட்டாருக்கு அனுப்புகிறது. சாதாரண குவார்ட்ஸ் மாதத்துக்கு 20 நொடிக்கு மேல் தவறுவது அரிது. ஜனதா ஒரே நாளில் காட்டும் பிழையை இது ஒரு மாதத்தில் காட்டுகிறது.

ஓசூர்

1984ஆம் ஆண்டு டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்ததே அந்தப் பெயர். தொழிற்சாலைக்கு அன்றைய தர்மபுரி மாவட்டத்தின் ஓசூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களை வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். முதல் நிர்வாக இயக்குநர் செர்க்ஸஸ் தேசாய் குவார்ட்ஸிலேயே கவனம் வைத்தார். 1987ஆம் ஆண்டு கடிகாரங்கள் கடைகளுக்கு வந்தன.

எச்.எம்.டி.க்கு குவார்ட்ஸ் தெரியாமல் இல்லை. 1980களின் தொடக்கத்திலேயே அதுவும் குவார்ட்ஸ் விற்றது. ஆனால் அதன் பலம் முழுவதும் சாவிக் கடிகாரத்திலேயே இருந்தது. பத்து கோடிக்கும் மேற்பட்ட கடிகாரங்களைச் செய்த அந்த நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட, 2016ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

டைட்டனும் தொடக்கத்தில் ஏழைக்கான கடிகாரமாக வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தை 1990களில் வந்த அதன் மலிவு வகையான சொனாட்டாதான் நிரப்பியது. டைட்டன் பங்குகளில் ஏறத்தாழ 28 விழுக்காடு இன்றும் டிட்கோவிடம் இருக்கிறது.

இன்று வாங்குபவருக்கு

கைப்பேசியே மணி காட்டும்போது கடிகாரம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ‘நீட்’ தேர்வு அறைக்குள் கைக்கடிகாரத்துக்கே அனுமதி இல்லை என்பதும் உண்மை. இருந்தாலும் வகுப்பறையிலும் வண்டி ஓட்டும்போதும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பதுபோல் வசதி வேறில்லை.

தினமும் கட்ட, கவலையில்லாமல் ஓட, குவார்ட்ஸே ஏற்றது. சென்னை வியர்வைக்கு முலாம் பூசிய உறை விரைவில் பல்லிளிக்கும். உறை முழுவதும் எவர்சில்வராக இருப்பது நல்லது. 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் நீரில் மூழ்கலாம் என்று பொருளல்ல. கை கழுவும்போதும் தூறலிலும் தாங்கும், அவ்வளவே. நீந்துபவருக்கு 100 மீட்டர் வேண்டும். பட்டை 18, 20 அல்லது 22 மில்லிமீட்டர் அகலமாக இருந்தால் அறுந்தால் எந்தக் கடையிலும் மாற்றலாம். நின்றுபோன பேட்டரியை உள்ளேயே விட்டால் கசிந்து மின்சுற்றைக் கெடுத்துவிடும்.

ஜனதாவின் மேல் ஆசையுள்ளவர்கள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைப் பக்கம் போகலாம். பழைய பொருட்களுக்குப் பெயர்போன சந்தை அது. முகப்பு பளபளவென்று புது வண்ணத்தில் இருந்தால் எச்சரிக்கை தேவை: பழைய முகப்பை அழித்து மறுபடி வண்ணம் பூசியதாக இருக்கலாம். எழுத்து கோணலாகவோ தடிப்பாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவி கொடுத்து, காதருகே வைத்து, துடிப்பு ஒரே சீராக வருகிறதா என்று கேட்க வேண்டும். அதற்கும் முன்னால், அதைப் பிரித்து எண்ணெய் விடத் தெரிந்தவர் நம் பகுதியில் இன்னும் கடை வைத்திருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். பேட்டரி மாற்றித் தருபவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். லென்ஸ் மாட்டியவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.