வண்டியூரில் ‘டேங்க்’: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

முன்னுரை

மதுரையில் வண்டியூர் என்ற பெயரைத் தாங்கிய நீர்நிலைகள் இரண்டு உண்டு. வைகைக்கு வடக்கே இருப்பது வண்டியூர்க் கண்மாய். வயலுக்குப் பாய்ச்சக் கரை போட்டுத் தேக்கியது. தெற்கே இருப்பது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் (1623–1659) வெட்டியது. நாற்புறமும் கற்படிகளும் நடுவே மைய மண்டபமும் கொண்ட இந்தக் குளத்தில்தான் தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பம் ஏறுகிறார்கள்.

ஆங்கில ஆவணங்களில் இரண்டுக்கும் ஒரே பெயர்: டேங்க். அதே ஊர்க்காரர் தமிழில் பேசும்போது ‘டேங்க்’ என்றால் இந்த இரண்டில் எதையும் குறிப்பதில்லை. மொட்டைமாடித் தொட்டியையோ பைக்கில் பெட்ரோல் ஊற்றும் இடத்தையோதான் சொல்கிறார். ஒரே சொல் ஆங்கிலத்தில் ஒன்றாகவும் தமிழில் வேறாகவும் நிலைத்தது எப்படி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லின் பிறப்பு

இதற்கு இரட்டைப் பிறப்பு சொல்வது வழக்கம். குஜராத்தியிலும் மராத்தியிலும் நிலத்தடித் தொட்டியைக் குறிக்கும் ‘டாங்கு’, ‘டாங்கே’ என்பன ஒரு பக்கம். நீரைத் தடுத்து நிறுத்துவது என்ற வேரிலிருந்து வந்த போர்த்துக்கீசிய ‘டாங்க்கே’ மறுபக்கம். இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களுக்கான, 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் இவ்விரண்டையும் பேசுகிறது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இந்தியா வந்த ஆங்கிலேயர் இச்சொல்லைக் கையாளத் தொடங்கிவிட்டனர்.

மதராஸ் மாகாண நிர்வாகத்தில் அதன் வீச்சு பெருகியது. வட மாவட்டத்து ஏரி, மதுரை, இராமநாதபுரச் சீமைக் கண்மாய், குடிநீருக்கான ஊருணி, கோயில் குளம் யாவும் அதற்குள் அடங்கின. 1883இல் தொடங்கிய பாசன நீர்நிலைச் சீரமைப்புத் திட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் இச்சொல்தான். பொறியாளர்கள் நீர்நிலையின் உறுப்புகளுக்கும் பாசனப் பரப்புக்கும் மட்டும் தமிழ்ச் சொற்களை எடுத்துக்கொண்டனர். மிஞ்சிய நீர் வெளியேறும் கலிங்கு ‘கலிங்குலா’ ஆயிற்று. பாசனப் பரப்பான ஆயக்கட்டு ‘ஆயக்கட்’ ஆயிற்று. முழு நீர்நிலைக்குரிய பெயர்கள் மட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஏறவில்லை.

இரும்புக்கு மாறிய பொருள்

கடல் கடந்தபின் அச்சொல் மண்ணை விட்டது. 19ஆம் நூற்றாண்டுக் கப்பல்களில் மரப்பீப்பாய்க்குப் பதிலாக வந்த இரும்புத் தொட்டியும், நீராவி இரயிலுக்கு நீர் தந்த தொட்டியும் டேங்க் எனப்பட்டன. இரயில் தண்ணீர் பிடிக்க மட்டும் நிற்கும் சிற்றூரை அமெரிக்கர் ‘டேங்க் டவுன்’ என்று இளக்காரமாகச் சொன்னார்கள். நீச்சல் குளத்துக்கும் இப்பெயர் இருந்தது. கையில்லாத மேலாடையான ‘டேங்க் டாப்’ அக்கால நீச்சலுடையின் வழி வந்தது. மூக்குமுட்டக் குடித்தவன் ‘டேங்க்ட்’. வேண்டுமென்றே ஆட்டத்தைக் கோட்டைவிடுவதும் ‘டேங்க்’. தலையைக் கேலியாகக் குறித்த ‘திங்க் டேங்க்’, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆய்வு நிறுவனங்களின் பெயராக உயர்ந்தது.

போர் வண்டிக்கு இப்பெயர் வாய்த்தது மறைப்புக்காக. 1915இல் பிரிட்டன் கமுக்கமாகச் செய்துவந்த கவச வண்டியைத் தண்ணீர்த் தொட்டி என்று வெளியே சொல்லிவைத்தார்கள். முதல் உலகப் போரில் 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் அது இறங்கிய பிறகும் அந்தப் பொய்ப்பெயரே நிலைத்துவிட்டது.

தமிழுக்குள் நுழைவு

தமிழ்ப் பேச்சு ஏற்றது இந்த இரும்புப் பொருளைத்தான். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி என்பது பலகையில் இருக்கும். தெருவில் அது ‘வாட்டர் டேங்க்’. ‘செப்டிக் டேங்க்’, ‘டேங்க் ஃபுல் பண்ணுங்க’, தண்ணீர் விற்கும் ‘டேங்கர் லாரி’ எல்லாமே மூடிய கலங்களைச் சுற்றியவை. போர் வண்டி செய்தித்தாளில் ‘டாங்கி’ ஆனது. இலங்கைத் தமிழ் இன்னும் ஒரு படி மேலே போய், சுமைதாங்கி, இடிதாங்கி வரிசையில் சேரும்படி ‘தண்ணீர்த்தாங்கி’ என்று தமிழாகவே ஆக்கிக்கொண்டது. கண்மாய்க்கும் ஏரிக்கும் பேச்சில் பெயர் ஏற்கெனவே இருந்தது. அங்கே அந்நியச் சொல்லுக்கு வேலையில்லை.

முடிவுரை

அலுவலக ஆங்கிலத்தில் பழைய அகன்ற பொருளும் தெருத் தமிழில் புதிய கலப் பொருளும் இன்று அருகருகே வாழ்கின்றன. இது வெறும் சொல்லாராய்ச்சியோடு நிற்பதில்லை. கலத்துக்குக் கொள்ளளவும் ஒழுகாத சுவரும் போதும். கண்மாய்க்கு வரத்துக்கால் வேண்டும், மடை வேண்டும், மிஞ்சிய நீரை அடுத்த கண்மாய்க்கோ ஆற்றுக்கோ அனுப்பக் கலிங்கு வேண்டும். வண்டியூர்த் தெப்பக்குளமே வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயை நம்பியது. கால்வாய் அடைபட்ட காலங்களில் அதன் கற்படிகள் எவ்வளவு உறுதியாக இருந்தும் குளம் வறண்டே கிடந்தது. நீர்நிலையைத் தனித்த கலமாக எண்ணும் பழக்கத்துக்கு ஒற்றைச் சொல் மட்டுமே காரணமன்று. ஆயினும் வேறுபாட்டை மறைப்பதில் அதற்குப் பங்குண்டு. கலிங்கையும் ஆயக்கட்டையும் ஏற்ற ஆங்கில ஆவணம், கண்மாய், ஊருணி, தெப்பக்குளம் ஆகியவற்றையும் அந்தந்தப் பெயரிலேயே பதிவு செய்வதற்குத் தடையேதும் இல்லை.