ஊராட்சிக் கணக்கும் கண்காணிப்பும்

உள்ளாட்சி அமைப்பு தன் வரவு செலவு, சொத்து, திட்டப் பணி ஆகியவற்றைப் பதிந்து வைப்பதும், பதிந்தது உண்மைதானா என்று பிறர் பார்ப்பதும் இந்தத் தலைப்பில் அடங்கும். ஓலை, பதிவேடு, கணினி, கைப்பேசி என்று கருவிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. கணக்கு யாருக்குக் காட்டப்படுகிறது, மேலே இருப்பவருக்கா ஊராருக்கா என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்காகவே பள்ளிப் பாடம் நினைவில் வைத்திருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்த விதிகள் ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்தன. யார் பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்ற பட்டியலில் வாரியம் என்ற குழுவின் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் வருகிறார். அவரோடு அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்படுகிறார்கள். அண்ணன் கணக்கு ஒப்படைக்கவில்லை என்றால் தம்பியின் ஓலையும் குடத்துக்குள் போகாது. இதை இன்றைய மக்களாட்சிக்கு முன்மாதிரி என்று புகழ்வதில் ஒரு தடை இருக்கிறது. அந்தச் சபை, நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களின் சபை. கணக்கைக் கேட்கும் உரிமையும் அந்த வட்டத்தோடு நின்றது.

ஆங்கிலேயர் வந்தபோது கிராமங்களில் கணக்குக்குப் பஞ்சமில்லை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுப் பகுதியில் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தபோது, ஊர்க் கணக்கர்கள் எழுதிய ஓலைகளே அவருக்கு ஆதாரம். வீடுகள், ஏரிகள், நிலங்கள், விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் அவற்றில் இருந்தன. அதன்பின் வந்த, உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்வாரி ஆட்சிக்கு முதன்மையாக வேண்டியிருந்தது நிலவரி. ஊர்க் கணக்கரான கர்ணம் எழுதிய அடங்கல், சிட்டா என்ற நிலப் பதிவேடுகள் தாலுகா அலுவலகம் நோக்கியே நடந்தன. தலைமுறைகளாகச் சில குடும்பங்களின் பிடியில் இருந்த அந்த வேலைக்கு எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் முடிவு கட்டியது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஆனால் அவர் வருவாய்த் துறை, ஊராட்சிச் செயலர் ஊரக வளர்ச்சித் துறை. ஒரே ஊருக்கு இரண்டு மேசை, இரண்டு கட்டுப் பதிவேடு என்ற நிலை இன்றும் மாறவில்லை.

1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கு நிலையான இடம் கொடுத்தது. கணக்கையும் தணிக்கையையும் 243ஜே பிரிவு மாநிலச் சட்டமன்றங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. விளைவு, நாடு முழுவதற்கும் ஊராட்சிகளின் செலவைக் கூட்டிப் பார்க்க ஒத்த படிவம்கூட அப்போது இருக்கவில்லை. 2000-இல் பதினோராவது நிதிக்குழு தரவுத்தளம் அமைக்க ரூ. 200 கோடி ஒதுக்கியது. கணக்கு எழுத ஊராட்சி ஒன்றுக்கு ஆண்டுக்குச் சராசரியாக ரூ. 4,000 என்றது. அதாவது மாதம் 333 ரூபாய்ச் சொச்சம்.

கேரளம் வேறு முனையில் தொடங்கியது. கண்ணூர் மாவட்டத்துக் கல்லியாசேரியில் 1990-களின் தொடக்கத்திலேயே சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு ஊர்மக்களைக் கொண்டு வளங்களை வரைபடமாக்கியிருந்தது. 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்று அறிவிக்கப்பட்டது. கூடவே ஒவ்வொரு ஊராட்சியும் தன்னைப் பற்றிய வளர்ச்சி அறிக்கையை எழுத வேண்டியிருந்தது. பணம் கையில் இருந்ததால் தகவலுக்கு வேலை இருந்தது. கணினி அதற்குப் பிறகுதான்: 1999-இல் இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன் உருவானது. திட்டக் கண்காணிப்புக்குச் சுலேகா, பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சேவனா, கணக்குக்குச் சாங்க்யா என்று மென்பொருள்கள் பின்தொடர்ந்தன.

ராஜஸ்தானில் கணினியே இல்லை, ஒலிபெருக்கிதான் இருந்தது. தொழிலாளர், உழவர் அமைப்பான மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 டிசம்பர் 2 அன்று கோட்கிரானாவில் முதல் பொது விசாரணையை நடத்தியது. ஊராட்சிப் பணிகளின் வருகைப் பட்டியலையும் ரசீதுகளையும் ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். அலுவலகத்தில் வைத்துப் பார்த்தால் எந்தப் பிழையும் தெரியாத தாள்கள் அவை. கூலி வாங்கியதாக எழுதப்பட்டவரே எதிரில் உட்கார்ந்து கேட்டபோதுதான் பொய் தெரிந்தது. 'நம் பணம், நம் கணக்கு' என்ற அவர்களது முழக்கம் 1996-இல் பியாவரில் 40 நாள் தர்ணாவாக வளர்ந்து, 2005-இன் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உரமானது. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், 17-ஆம் பிரிவில் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் கடமையாக்கியது.

மத்திய அரசின் பாதை மென்பொருள் வழியே சென்றது. பிரியாசாஃப்ட், பிளான்பிளஸ், ஆக்‌ஷன்சாஃப்ட் என்று தனித்தனியாக வந்தவற்றை 2020 ஏப்ரல் 24-இல் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. தணிக்கைக்கு ஆடிட்ஆன்லைன் துணை நின்றது. இவற்றை ஊராட்சிகள் பயன்படுத்தியதற்குப் பெரிய காரணம் பணம். 2021-26 காலத்தில் ஊரக உள்ளாட்சிகளுக்கு ரூ. 2,36,805 கோடியைப் பரிந்துரைத்த பதினைந்தாவது நிதிக்குழு, கணக்கு இணையத்தில் இருந்தால்தான் மானியம் என்று நிபந்தனை போட்டது. செயலர்கள் ஓடி ஓடிப் பதிவேற்றினார்கள். நிதிக்குழு கேட்டது கிடைத்தது. ஏற்றிய கணக்கைத் தன் ஊர்க்காரர் எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று எந்த நிபந்தனையும் கேட்கவில்லை.

2025 ஏப்ரலில் வெளியான ஊராட்சி வளர்ச்சிக் குறியீடு ஒன்பது கருப்பொருள்களில் 435 அளவைகளைக் கொண்டது. நாட்டின் 2,55,699 ஊராட்சிகளில் 2,16,285-இன் தரவுகள் சரிபார்க்கப்பட்டன. உச்ச நிலையை ஒன்றுகூட எட்டவில்லை. அடுத்த படியில் 699 நின்றன. அவற்றில் 346 குஜராத்தில், 270 தெலங்கானாவில். வெளியானபோதே இரண்டு ஆண்டு பழையதான 2022-23 விவரம் என்பதால், இதை வைத்து நடப்பாண்டுத் திட்டம் தீட்டுவது நேற்றைய மழையைப் பார்த்து இன்று குடை எடுப்பதுபோலத்தான்.

கைப்பேசிக் கண்காணிப்பின் கதை இன்னும் சுவையானது. வேலை உறுதித் திட்டப் பணியிடத்தில் நாளுக்கு இருமுறை தொழிலாளரைப் படமெடுத்து ஏற்றும் செயலி 2021-இல் அறிமுகமாகி, 2023 ஜனவரியில் நாடெங்கும் கட்டாயமானது. சிக்னல் கிடைக்காத மலையோரங்களில், உழைத்தும் வருகை ஏறவில்லை என்ற புலம்பல் எழுந்தது. 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பித் தில்லுமுல்லுகளைப் பட்டியலிட்டது: வேலைக்குத் தொடர்பில்லாத படங்கள், ஆட்களுக்குப் பதிலாகப் பழைய படத்தையே படமெடுத்து ஏற்றுதல், படத்தில் இருப்பவர் எண்ணிக்கையும் பட்டியலில் உள்ளவர் எண்ணிக்கையும் பொருந்தாமை. அதில் சொல்லப்பட்ட மாற்று ஏற்பாடு, ஏற்றிய ஒவ்வொரு படத்தையும் ஊராட்சி அளவில் ஓர் ஆள் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பது.