குரு கோவிந்த் சிங் பயண வழிக் குருத்துவாராக்கள்

சீக்கியரின் பத்தாம் குருவான குரு கோவிந்த் சிங், முகலாயப் படைகளும் மலைநாட்டுச் சிற்றரசர்களும் இட்ட முற்றுகைக்குப் பின் 1704-ஆம் ஆண்டின் இறுதியில் (சிலர் கணிப்பில் 1705) ஆனந்த்பூர் சாகிப்பை விட்டு வெளியேறி, பஞ்சாபின் மால்வா பகுதி வழியாகத் தல்வண்டி சாபோ வரை சென்ற பயணத்தில் தங்கிய இடங்களைக் குறிக்கும் வழிபாட்டிடங்கள் (குருத்துவாராக்கள்) இவை.

வெள்ளம் பெருகிய சர்சா ஆற்றருகே குருவின் குடும்பத்தினர் பிரிய நேர்ந்த இடத்தில் பரிவார் விச்சோரா சாகிப்பும், அவருடைய மூத்த மகன்கள் அஜீத் சிங், ஜுஜார் சிங் இருவரும் போரிட்டு மடிந்த சம்கௌரில் கத்தல்கட் சாகிப்பும் அமைந்துள்ளன. மாச்சிவாராவில் நபி கான், கனி கான் என்னும் பதான் சகோதரர்கள், குருவை நீலநிற ஆடையணிந்த இசுலாமிய ஞானியாகக் காட்டிக் கட்டிலில் சுமந்து முகலாயக் காவலைக் கடக்கச் செய்தனர் என்பது மரபு. ஆலம்கீரிலுள்ள மஞ்சி சாகிப் அந்நிகழ்வோடு தொடர்புடையது. முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பிற்குக் குரு பாரசீகச் செய்யுளில் எழுதிய கடிதமான சஃபர்நாமாவோடு தீனா கிராமமும், முன்பு குருவைக் கைவிட்டுப் பின்னர் திரும்பிவந்து போரில் உயிர்நீத்த நாற்பதின்மரோடு முக்த்சரும் தொடர்புபடுத்தப்படுகின்றன.

பயணம் நிறைவுற்ற தல்வண்டி சாபோவின் தம்தமா சாகிப், சீக்கிய சமயத்தின் உயரதிகார பீடங்களான ஐந்து தக்துகளுள் ஒன்றாகும். ஆனந்த்பூரையும் தம்தமாவையும் இணைத்து, இக்குருத்துவாராக்கள் பலவற்றைத் தொட்டுச் செல்லும் குரு கோவிந்த் சிங் மார்க் என்னும் நெடுஞ்சாலை 1973-இல் திறக்கப்பட்டது.